நர்சுப் படிப்பு பி.எஸ்சி.யோடு முடிவதில்லை

கம்பம், கூடலூர், உத்தமபாளையம், போடி பக்கம் நான் வேலை செய்யும் காலனிகளில் இன்று தெருவுக்கு ஒரு பெண்ணாவது நர்சிங் படித்திருக்கிறாள். அவளுடைய அம்மா விடியுமுன் ஜீப்பில் தொற்றிக்கொண்டு கம்பம் மெட்டு ஏறி ஏலத்தோட்டத்துக்குப் போனவர். ஒரே தலைமுறையில் இவ்வளவு தூரம் வந்திருக்கிறோம். ஆனால் பி.எஸ்சி. முடித்ததும் அந்த நடை நின்றுவிடுகிறது. அது ஏன் நிற்கிறது என்பதைப் பற்றித்தான் இந்தக் கட்டுரை.

சமூகவியல் முதுகலையில் தூய்மை, தீட்டு பற்றிப் பக்கம் பக்கமாகப் படித்தேன். கண்ணால் பார்த்தது மருத்துவமனை வார்டில்தான். ரத்தம், சீழ், மலம் தொடும் வேலை ஒருவருக்கு, முடிவெடுக்கும் வேலை இன்னொருவருக்கு. 1897-இல் புனேயில் பிளேக் பரவியபோது சாவித்திரிபாய் பூலே நோயாளிகளைத் தேடிப்போய்ப் பராமரித்து, அதே நோய்க்கு உயிரைக் கொடுத்தார். அந்தத் தியாகத்தை நாம் மதிக்கிறோம். ஆனால் நம் பெண்களுக்குத் தியாகப் பட்டம் மட்டும் போதாது. முடிவெடுக்கும் இடமும் வேண்டும்.

எங்கள் பகுதித் தங்கை ஒருத்தி தனியார் மருத்துவமனை ஐ.சி.யூ.வில் வேலை பார்த்தாள். ஒருநாள் சொன்னாள்: "ராத்திரி பூரா நான்தான்க்கா பாக்குறேன். மூச்சு எறங்குறது எனக்குத்தான் மொதல்ல தெரியும். ஆனா டாக்டர் போனை எடுக்குற வரைக்கும் கையக் கட்டிக்கிட்டு நிக்கணும்."

இந்தக் கேள்விக்கு உலகம் கண்ட ஒரு பதில் நர்ஸ் பிராக்டிஷனர். 1965-இல் அமெரிக்காவின் கொலராடோவில் லொரெட்டா ஃபோர்டு என்ற பொதுச் சுகாதார நர்சும் ஹென்றி சில்வர் என்ற குழந்தை மருத்துவரும் முதல் பயிற்சியைத் தொடங்கினார்கள். டாக்டர்கள் போதாத இடங்களில், நோயாளியைப் பரிசோதித்து, கணித்து, சிகிச்சையும் தொடங்க நர்சுக்கு முறையாகச் சொல்லிக்கொடுத்தார்கள். பின்னாளில் அது முதுகலைப் படிப்பாக வளர்ந்தது.

இந்தியாவில் 2016-17 வாக்கில் இந்திய நர்சிங் கவுன்சில், தீவிர சிகிச்சைக்கான நர்ஸ் பிராக்டிஷனர் படிப்பைக் கொண்டுவந்தது. இரண்டு ஆண்டு முதுகலை. பெரும்பகுதி நேரம் வகுப்பறையில் அல்ல, நோயாளியின் படுக்கையருகே. மருத்துவமனையின் நெறிமுறைக்கு உட்பட்டு மருந்து கொடுக்கவும் பரிசோதனைகளுக்கு எழுதவும் இதில் பயிற்சி உண்டு. பிரசவத்துக்கு என்று 2018-இல் ஒன்றிய அரசு வெளியிட்ட வழிகாட்டுதலின்படி 18 மாதப் பயிற்சி தனியாக இருக்கிறது. வழக்கமான எம்.எஸ்சி. நர்சிங்கும் இருக்கிறது. ஆனால் அதை முடித்தவர்களில் பெரும்பாலோர் கல்லூரியில் பாடம் நடத்தத்தான் போகிறார்கள்.

அந்தத் தங்கை மேலே படிக்க விரும்பினாள். விண்ணப்பிக்க ஓராண்டு பணி அனுபவச் சான்று வேண்டும். மருத்துவமனையோ பாண்டு காலம் முடியவில்லை என்று அசல் சான்றிதழ்களைப் பூட்டி வைத்துக்கொண்டு பணம் கேட்டது. அவளுடைய அப்பா, "வேணாம்த்தா, பெரிய எடத்துப் பகை நமக்கு எதுக்கு?" என்றார். சான்றிதழ் படித்தவளுடைய உடைமை, அதை யாரும் அடகாக வைக்க முடியாது என்று எழுத்தில் கேட்டோம். பதில் இல்லை. திங்கட்கிழமை மக்கள் குறைதீர் கூட்டத்தில் மனு கொடுத்தோம். அந்த மனுவில் கையெழுத்துப் போட அவளோடு அப்பாவும் வந்தார். பிறகுதான் சான்றிதழ்கள் கைக்கு வந்தன. இப்போது அவள் நுழைவுத் தேர்வுக்குப் படிக்கிறாள்.

மாணவிகளுக்குச் சில விஷயங்கள். வேலையில் சேரும்போது அசலைக் கொடுக்காதீர்கள், நகல் போதும். பணி நியமன ஆணை, சம்பளச் சீட்டு எல்லாவற்றையும் பத்திரப்படுத்துங்கள். தமிழ்நாடு நர்சுகள் கவுன்சில் பதிவை உடனே முடியுங்கள். எம்.எஸ்சி.க்கு பி.எஸ்சி.யில் 55 விழுக்காடு கேட்கிறார்கள். நமக்கான தளர்வை அந்தந்த ஆண்டுக் கையேட்டில் பாருங்கள். அரசு இடங்களில் பட்டியல் சாதியினருக்கு 18 விழுக்காடு, அதற்குள் அருந்ததியருக்கு 3 விழுக்காடு. குடும்ப வருமானம் ஆண்டுக்கு இரண்டரை லட்சத்துக்குள் இருந்தால், போஸ்ட் மெட்ரிக் உதவித்தொகை முதுகலைக்கும் உண்டு. பி.எஸ்சி.யோடு அது முடிந்துவிட்டது என்று யாராவது சொன்னால் நம்பாதீர்கள்.

படித்தால் மட்டும் போதுமா? போதாது. 2015-இல் அரசு மருத்துவமனைகளில் தொகுப்பூதியத்தில் சேர்ந்த நர்சுகளுக்கு மாதம் 7,700 ரூபாய்தான். 2017 நவம்பரில் அவர்கள் சென்னை டி.எம்.எஸ். வளாகத்தில் உட்கார்ந்து போராடிய பிறகுதான் ஊர் திரும்பிப் பார்த்தது. பி.எஸ்சி.க்கே இந்த நிலை என்றால் மேற்படிப்புக்கு யார் துணிவார்கள்? நர்ஸ் பிராக்டிஷனர் என்று பட்டம் கொடுக்கும் அரசு, அந்தப் பெயரில் நிரந்தரப் பணியிடமும் அதிகார வரம்பும் வகுக்க வேண்டும். 1947-ஆம் ஆண்டு நர்சிங் கவுன்சில் சட்டத்துக்குப் பதிலாக 2023-இல் புதிய ஆணையச் சட்டம் வந்திருக்கிறது. கேட்பதற்கு இதுதான் நேரம்.

ஏலத்தோட்டத்திலிருந்து இருட்டிய பின் இறங்கும் பெண்களுக்கு ஆரம்ப சுகாதார நிலையத்தில் அந்நேரம் கண்ணில் படுவது நர்சுதான். அவர் நம் தெருப் பெண்ணாக இருந்து, முடிவெடுக்கும் படிப்பும் உரிமையும் அவருக்கு இருந்தால், முதலில் பலன் பெறுவது நம் அம்மாக்கள். அடுத்த மாவட்டக் கூட்டத்தின் கோரிக்கைப் பட்டியலில் விடுதி, உதவித்தொகையோடு இந்தப் பணியிடங்களையும் சேருங்கள்.