பாதமும் ஓர் அமானிதம்



சென்ற ஆண்டு என் அத்தாவின் வலது பாதத்தில், சுண்டுவிரலுக்குக் கீழே, கால் ஆணி தோன்றியது. நெடுநாள் சர்க்கரை நோயால் அவருடைய பாதங்களில் உணர்ச்சி குன்றியிருந்தது. ஆணி செதுக்கும் ஒருவரிடம் நானே அழைத்துச் சென்றேன். முந்தையவருக்குப் பயன்படுத்திய கத்தியை அவர் துணியில் துடைத்துவிட்டு அத்தாவின் பாதத்தில் வைத்தார். பார்த்துக்கொண்டிருந்தேன், ஒன்றும் சொல்லவில்லை.

சில நாட்களில் புண் சீழ் பிடித்தது. வலி இல்லாததால் அத்தா அறியவில்லை. உளூச் செய்ய உதவியபோது நான்தான் கண்டேன். மருத்துவமனையில் அந்த விரலை எடுக்க நேர்ந்தது. கால் தப்பியது, அல்ஹம்துலில்லாஹ்.

அங்கே கட்டு மாற்றும் செவிலியர் ஒவ்வொரு நோயாளிக்கும் முன்னும் பின்னும் கைகளைச் சுத்தம் செய்தார். புதிய கையுறை அணிந்தார். மூடி முத்திரையிட்ட உறையிலிருந்தே கருவிகளை எடுத்தார். அவை ஆட்டோகிளேவ் கலனில், 121 டிகிரி நீராவி அழுத்தத்தில் குறைந்தது 15 நிமிடம் வைக்கப்பட்டவை என்றார். "துடைத்தால் கிருமி சாகாது, பாய்" என்று அவர் சொன்னபோது தலைகுனிந்தேன். தஹாரத் பாடத்தை ஆண்டுதோறும் நடத்துபவன் அல்லவா நான்!

நம் அண்டை ஊரான வேலூருக்கு 1946இல் வந்த மருத்துவர் பால் பிராண்ட், தொழுநோயாளிகளின் பாதங்கள் சிதைவதற்கு வலி உணர்வின் இழப்பே பெருங்காரணம் என்று கண்டறிந்தார். சர்க்கரை நோயாளியின் பாதத்திற்கும் அது பொருந்தும். வலியும் ரப்பின் நிஃமத்தே என அன்று உணர்ந்தேன்.

கட்டுப் போட்ட பின்னும் பாதத்தைக் கழுவியே தீருவேன் என்றார் அத்தா. தலையில் காயம்பட்ட ஒருவரை, சலுகை இல்லை என்று கூறித் தோழர்கள் குளிக்க வைத்ததையும், அவர் இறந்ததை அறிந்து நபி (ஸல்) அவர்கள் கடிந்துகொண்டதையும் எடுத்துரைத்தேன். நீர் தீங்கு செய்யுமாயின் கட்டின்மீது மஸஹ் செய்ய மார்க்கம் இடமளிக்கிறது. விவரத்தை உங்கள் மஹல்லா ஆலிமிடம் கேளுங்கள்.

இப்போது எங்கள் வீட்டில் ஒவ்வொருவருக்கும் தனி நகவெட்டி உண்டு. உளூவுக்குப் பின் அத்தாவின் விரலிடுக்குகளை ஈரம் போகத் துடைக்கிறேன். இரவில் உள்ளங்காலைப் பார்க்கிறேன். பௌர்ணமியன்று 14 கிலோமீட்டர் வெறுங்காலுடன் மலையைச் சுற்றும் அண்டை வீட்டாரிடமும், சர்க்கரை இருந்தால் பாதத்தைப் பாருங்கள் என்று சொல்கிறேன்.

அன்று வாய் திறவாமல் நின்றதற்கு அல்லாஹ் என்னை மன்னிப்பானாக. நீங்கள் நிற்காதீர்கள், அந்தக் கருவி சுத்தமானதா என்று கேளுங்கள்.