கொல்லிமலை: ஆயிரம் படி இறங்க முடியாதவர்களுக்கும் அருவி இருக்கு!

நாமக்கல் மாவட்டம் கொல்லிமலை என்றதும் நினைவுக்கு வருபவை இரண்டு. ஒன்று, காரவள்ளியிலிருந்து மேலே ஏறும் 70 கொண்டை ஊசி வளைவுகள். இன்னொன்று, சுமார் 300 அடி உயரத்திலிருந்து கொட்டும் ஆகாய கங்கை. அதன் அடிவாரத்துக்குப் போக ஆயிரத்துக்கும் மேற்பட்ட படிகள் இறங்க வேண்டும். இறங்கினால், ஏறவும் வேண்டுமே!

எங்கள் குடும்பப் பயணத்தில் சிக்கல் அங்கேதான் வந்தது. அப்பாவுக்கு முழங்கால் வலி. "நீங்க போயிட்டு வாங்க, நான் கோயில்ல உட்கார்ந்திருக்கேன்" என்றார். படிகளுக்கு அருகிலேயே அறப்பளீஸ்வரர் கோயில். தேவாரத்தில் பெயர் வரும் வைப்புத்தலம் இது.

நாங்கள் மூச்சு வாங்க மேலே வந்தபோது, கோயில் வாசலில் கடை போட்டிருந்த அக்காவிடம் விசாரித்து, அப்பா புதுத் திட்டமே போட்டிருந்தார். "மாசிலா அருவிக்குப் போலாமா?"

மாசிலா சின்ன அருவிதான். படிகளும் கொஞ்சம்தான். அப்பா எங்களுக்கு முன்னால் போய்த் தலையைக் கொடுத்துவிட்டார்! கூட்டம் குறைவான நம் அருவியையும் பார்த்தோம்.

திரும்பும் வழியில் செம்மேட்டில் வல்வில் ஓரி சிலை. கடையேழு வள்ளல்களில் ஒருவரான ஓரி ஆண்ட மலை இது. ஆடிப்பெருக்கையொட்டி இங்கே அவருக்கு விழா நடக்கும்.

கவனிக்க: வளைவுகளில் தலைசுற்றல் வரலாம்; வெறும் வயிற்றிலும் வேண்டாம், வயிறு முட்டவும் வேண்டாம். மழை நாளில் படிகள் வழுக்கும். ஆகாய கங்கையோடு திரும்பிவிடாதீர்கள். வீட்டுப் பெரியவர்களுக்கான அருவி அதற்கப்புறம்தான் இருக்கிறது.