மின்சார காருக்கு எக்ஸ்டெண்டட் வாரண்டி வேண்டுமா?

கிணற்று மோட்டாருக்கு யாராவது எக்ஸ்டெண்டட் வாரண்டி வாங்கிப் பார்த்திருக்கிறீர்களா? மின்வாரியத்தில் வயர்மேனாகச் சேர்ந்து போர்மேனாக ஓய்வு பெறும்வரை கம்பம் பள்ளத்தாக்கில் எத்தனையோ ஆயிரம் மோட்டார்களைப் பார்த்துவிட்டேன். ஒருவர்கூட வாங்கியதில்லை. காயில் வெந்துபோனால் மோட்டாரைத் தூக்கிக்கொண்டு சின்னமனூருக்குப் போவார்கள். இரண்டு நாளில் செம்புக்கம்பி சுற்றி வாங்கிவந்து இறக்கிவிடுவார்கள். காசு போகும். ஆனால் எவ்வளவு போகும் என்பது எல்லோருக்கும் தெரியும்.

இப்போது அதே மோட்டார் நாலு சக்கரத்தோடு வீட்டு வாசலுக்கே வந்துவிட்டது. மார்க்கையன்கோட்டையிலும் பச்சை நம்பர் பிளேட் கார்கள் தட்டுப்படுகின்றன. என் வயதுக்காரர்கள் சிலர் ஓய்வுப் பணத்தில் வாங்குகிறார்கள். சிலருக்கு வெளியூரில் இருக்கும் பிள்ளைகள் வாங்கிக் கொடுக்கிறார்கள். வாங்கும்போதே ஷோரூமில் இரண்டு காகிதங்களை நீட்டுகிறார்கள். ஒன்று மெயின்டனன்ஸ் பிளான், இன்னொன்று எக்ஸ்டெண்டட் வாரண்டி. இரண்டையும் ஒன்றாகக் கட்டி ஒரு தொகை சொல்கிறார்கள். இவை இரண்டும் வேறு வேறு சரக்கு என்பதைச் சொல்லத்தான் இதை எழுதுகிறேன்.

என் அக்கா மகன் சின்னமனூரில் வாழைத்தார் வியாபாரம் செய்கிறான். ஒரு மின்சார கார் புக் பண்ணிவிட்டு, டெலிவரிக்கு இரண்டு நாள் முன்னால் வந்தான்.

“மாமா, ரெண்டையும் சேத்து அம்பதாயிரம் சொல்றாங்க. டெலிவரி அன்னைக்கே போட்டாத்தான் உண்டுங்கறாங்க. போட்டுரலாமா?”

“மாப்ள, மொதல்ல அந்த வாரண்டிப் புத்தகத்தக் குடு. படிச்சுப் பாத்துட்டுச் சொல்றேன்.”

அதை இரண்டு ராத்திரி உட்கார்ந்து படித்தேன். வாரியத்தில் டெண்டர் காகிதம் படித்த கண், சின்ன எழுத்துக்குப் பயப்படுவதில்லை.

முதலில் மெயின்டனன்ஸ் பிளான். பெட்ரோல், டீசல் காரில் சர்வீஸ் என்றால் என்ஜின் ஆயில், ஆயில் பில்டர், ஸ்பார்க் பிளக், பெல்ட், கிளட்ச் என்று வரிசையாகச் செலவு வரும். மின்சார காரில் இவை ஒன்றுமே கிடையாது. மிச்சம் இருப்பது டயர், வைப்பர், ஏசி பில்டர், பிரேக் ஆயில், கூலன்ட், சஸ்பென்ஷன் புஷ். பெரிய பேட்டரி போக 12 வோல்ட்டில் ஒரு சின்ன பேட்டரியும் உண்டு. அது செத்துப்போனால் பெரிய பேட்டரி நிறைய சார்ஜ் இருந்தும் கார் கண் விழிக்காது. வண்டி கனம் அதிகம் என்பதால் டயர் கொஞ்சம் சீக்கிரம் தேயும்.

பிரேக் கட்டை தேய்வது குறைவு. காலை எடுத்தவுடன் மோட்டாரே டைனமோ ஆகி, வண்டியைப் பிடித்து இழுத்து, பேட்டரிக்குச் சார்ஜ் அனுப்புகிறது. குமுளியிலிருந்து லோயர்கேம்ப் இறங்கினால் இதைக் கண்ணால் பார்க்கலாம். தேக்கடித் தண்ணீர் குழாயில் இறங்கி லோயர்கேம்ப் பவர்ஹவுஸில் மின்சாரம் ஆவது போல, அதே மலையில் இறங்கும் காரும் தனக்கு மின்சாரம் எடுத்துக்கொள்கிறது. ஒரு எச்சரிக்கை: குமுளியில் 100 சதவீதம் சார்ஜ் ஏற்றிக்கொண்டு இறங்கினால் பேட்டரியில் இடம் இருக்காது. அப்போது பிரேக்கைத்தான் நம்ப வேண்டும்.

ஆக, மெயின்டனன்ஸ் பிளான் என்பது நமக்குத் தெரிந்த சின்னச் செலவுக்கு முன்பணம் கட்டுவது. இத்தனை வருடத்தில் என்னென்ன மாற்றுவார்கள், ஒவ்வொன்றும் என்ன விலை என்று எழுதிக் கேளுங்கள். அதைக் கூட்டிப் பாருங்கள். பிளான் விலை அந்தக் கூட்டுத்தொகையைவிடக் குறைவாக இருந்தால் வாங்கலாம். இல்லையென்றால் அவ்வப்போது கொடுத்துக்கொள்ளலாம். ஆனால் பிளான் வேண்டாம் என்றால் சர்வீஸ் வேண்டாம் என்று அர்த்தம் இல்லை. குறித்த தேதியில் சர்வீஸ் செய்யவில்லை என்பதையே காரணம் காட்டி வாரண்டியை மறுக்கலாம் என்று அந்தப் புத்தகத்தில் தெளிவாக எழுதியிருக்கிறது. சர்வீஸ் பில்லை எல்லாம் ஒரு பைலில் போட்டு வையுங்கள்.

அடுத்தது எக்ஸ்டெண்டட் வாரண்டி. இதில் எல்லோருக்கும் இருக்கும் பயம் ஒன்றுதான்: “பேட்டரி போச்சுன்னா?” பயம் நியாயமானது, அந்தக் காரிலேயே விலை அதிகமான பொருள் அதுதான். ஆனால் அந்தப் பயத்துக்கான காப்பு பெரும்பாலும் காரின் விலையிலேயே அடங்கியிருக்கிறது. 2020 ஜனவரியில் டாடா நெக்ஸான் மின்சார கார் வந்தபோதே பேட்டரிக்கும் மோட்டாருக்கும் 8 ஆண்டு அல்லது 1,60,000 கிலோமீட்டர் வாரண்டி கொடுத்தார்கள். 2024 செப்டம்பரில் வந்த எம்ஜி வின்ட்சர், அதே ஆண்டு நவம்பரில் சென்னையில் அறிமுகமான மஹிந்திராவின் இரண்டு மின்சார கார்கள், இவற்றுக்கெல்லாம் முதல் உரிமையாளருக்குப் பேட்டரி ‘லைஃப்டைம்’ என்றார்கள். 2025ல் டாடாவும் சில மாடல்களுக்கு அதைக் கொண்டுவந்தது. அதில் லைஃப்டைம் என்றால் முதல் பதிவிலிருந்து 15 ஆண்டு என்று வரையறுத்திருக்கிறார்கள். ஆகவே எக்ஸ்டெண்டட் வாரண்டி விற்பவர் பேட்டரியைக் காட்டிப் பயமுறுத்தினால், “அதுதான் ஏற்கெனவே இருக்கே தம்பி” என்று சொல்லலாம்.

ஆனால் பேட்டரி வாரண்டியில் இரண்டு விஷயம் பார்க்க வேண்டும். பேட்டரி ஒரேயடியாகச் சாவது ஒன்று, கொஞ்சம் கொஞ்சமாகச் சோர்ந்துபோவது இன்னொன்று. அமெரிக்காவின் அரிசோனா பாலைவனத்தில் 2012 வாக்கில் இதுதான் நடந்தது. நிஸான் லீஃப் கார்களில் பேட்டரியைக் குளிர்விக்கக் கூலன்ட் ஏற்பாடு கிடையாது. அந்த வெயிலில் பேட்டரியின் கொள்ளளவு சீக்கிரமே குறைந்தது. ஓடும் தூரம் சுருங்கியது. ஆனால் வாரண்டியில் கொள்ளளவு குறைவதற்குப் பொறுப்பு எழுதப்பட்டிருக்கவில்லை. வழக்கு வரை போன பிறகுதான், 5 ஆண்டு அல்லது 60,000 மைலுக்குள் மீட்டரில் உள்ள 12 கட்டத்தில் 9 கட்டத்துக்குக் கீழே போனால் சரிசெய்து தருவோம் என்று நிறுவனம் எழுதிக் கொடுத்தது. இப்போது பல நிறுவனங்கள் 70 சதவீதம் என்று ஒரு கோடு போட்டிருக்கின்றன. உங்கள் புத்தகத்தில் அந்த எண் இருக்கிறதா என்று பாருங்கள்.

இன்னொன்று, தயாரிப்பிலேயே கோளாறு என்றால் அதற்கு எக்ஸ்டெண்டட் வாரண்டி தேவையில்லை, திரும்ப அழைத்துச் சரிசெய்வது கம்பெனியின் கடமை. நம் ஸ்ரீபெரும்புதூரில் பூட்டிய ஹூண்டாய் கோனா மின்சார கார்களில் 456 வண்டிகளை 2020 டிசம்பரில் பேட்டரிச் சோதனைக்காகத் திரும்ப அழைத்தார்கள். அடுத்த சில மாதத்தில் உலகம் முழுக்க சுமார் 82,000 வண்டிகளுக்குப் பேட்டரி மாற்றுவதாக ஹூண்டாய் அறிவித்தது.

அப்படியானால் எக்ஸ்டெண்டட் வாரண்டி எதற்கு? பேட்டரிக்கும் டயருக்கும் நடுவில் இருக்கும் எலக்ட்ரானிக்ஸ் பெட்டிகளுக்கு. மோட்டாரைப் பற்றி எனக்குக் கவலை இல்லை. கிணற்று மோட்டார் வெந்ததெல்லாம் மோட்டாரின் குற்றத்தால் அல்ல. மூணு பேஸில் ஒன்று போயிருக்கும்போது கண்டென்சர் போட்டு இரண்டு பேஸில் ஓட்டியதும், மாலை நேர லோ வோல்டேஜும்தான் அவற்றைக் கொன்றன. காரில் அந்தக் கஷ்டம் கிடையாது. பேட்டரியின் டிசியை மூன்று பேஸ் ஏசியாக மாற்றி அளந்து கொடுக்க ஒரு இன்வெர்ட்டர் பெட்டி இருக்கிறது. வீட்டு மின்சாரத்தை வாங்கிப் பேட்டரிக்கு ஏற்ற ஒரு சார்ஜர் பெட்டி. சின்ன பேட்டரிக்கு மின்சாரம் இறக்கிக் கொடுக்க ஒரு கன்வெர்ட்டர். முன்னால் ஒரு பெரிய தொடுதிரை. இவற்றில் ஒன்று கெட்டால் சின்னமனூரில் காயில் கட்டுகிறவரிடம் கொண்டுபோக முடியாது. பெரும்பாலும் பெட்டியோடு மாற்றுவார்கள், பில் பெரிதாக வரும். சில கம்பெனிகள் இவற்றையும் பேட்டரி வாரண்டியோடு சேர்க்கின்றன. சில கம்பெனிகள் பொது வாரண்டியோடு, அதாவது மூன்று ஆண்டு அளவில், நிறுத்திக்கொள்கின்றன.

இதை வைத்து மருமகனுக்கு நான் சொன்னது இதுதான்: தெரிந்த சின்னச் செலவுக்கு முன்பணம் கட்டாதே, தெரியாத பெரிய செலவுக்குக் காப்பு எடு. அவன் புத்தகத்தில் சார்ஜர் பெட்டி மூன்று ஆண்டோடு முடிகிறது. அதனால் மெயின்டனன்ஸ் பிளானை விட்டுவிட்டு, எக்ஸ்டெண்டட் வாரண்டியை மட்டும் வாங்கச் சொன்னேன். அதையும் டெலிவரி அன்றே வாங்கவேண்டிய கட்டாயம் இல்லை. பல கம்பெனிகள் பொது வாரண்டி முடிவதற்குள் எப்போது வேண்டுமானாலும் விற்கின்றன, தாமதமானால் விலை கொஞ்சம் ஏறும், அவ்வளவுதான். கம்பெனியின் வாடிக்கையாளர் எண்ணுக்குப் போன் போட்டுக் கேட்டபோது அவனுக்கும் அதே பதில்தான் கிடைத்தது. கம்பெனியே கொடுக்கும் வாரண்டியா, வெளியார் கொடுப்பதா என்றும் அவனைக் கேட்டு எழுதிக்கொள்ளச் சொன்னேன்.

“சபரிமலை சீசன்ல குமுளி வழியா நாலு டிரிப் அடிச்சா வாரண்டிக் காசு வந்துரும் மாமா” என்றான். அந்தப் பேச்சே கூடாது என்றேன். சொந்தப் பதிவு வண்டியை வாடகைக்கு ஓட்டுவது சட்டப்படி குற்றம், வாரண்டியும் சொந்த உபயோகத்துக்குத்தான்.

வாரண்டியில் எது சேராது என்பதும் முக்கியம். எங்கள் ஊரைச் சுற்றி முல்லைப் பெரியாற்றுத் தண்ணீரில் நெல் விளையும் வயல்கள். அறுப்பு முடிந்தால் எலிகள் ஊருக்குள் வந்துவிடும். எலி கடித்த வயருக்கு வாரண்டி கிடையாது. வெள்ளத்தில் மூழ்கினாலும், கல்லில் அடிபட்டு பேட்டரிப் பெட்டி நசுங்கினாலும் கிடையாது. அவை இன்சூரன்ஸ் பக்கம். இன்சூரன்ஸ் எடுக்கும்போது பேட்டரி, சார்ஜர், எலி மூன்றையும் பெயர் சொல்லிக் கேளுங்கள்.

வெளி மின்சாரக் கோளாறால் வரும் சேதத்துக்கும் வாரண்டி கைவிரித்துவிடும். இது என் தொழில் என்பதால் அழுத்திச் சொல்கிறேன். சார்ஜ் போட மீட்டர் போர்டிலிருந்து தனி லைன் இழுங்கள். பிரிட்ஜுக்குப் போட்ட பிளக்கில் எக்ஸ்டென்ஷன் வயர் போட்டுச் சார்ஜ் ஏற்றாதீர்கள். ஆர்.சி.சி.பி. போடுங்கள். உப்பும் கரியும் போட்டுச் சரியான எர்த் குழி எடுங்கள், கோடையில் அதற்கு ஒரு குடம் தண்ணீர் ஊற்றுங்கள். ஐப்பசி இடி மின்னலில் சார்ஜரைக் கழற்றிவிடுங்கள். இதற்கு ஆகும் செலவு எந்த வாரண்டியையும்விட உங்கள் காரைக் காப்பாற்றும்.

கடைசியாக, நம்மைப் போன்ற வயதானவர்களுக்கு ஒரு வார்த்தை. ‘லைஃப்டைம்’ என்பது முதல் உரிமையாளர் கையில் வண்டி இருக்கும்வரைதான். கை மாறினால் மஹிந்திராவில் அது 10 ஆண்டு அல்லது 2 லட்சம் கிலோமீட்டர், எம்ஜி வின்ட்சரில் 8 ஆண்டு அல்லது 1,60,000 கிலோமீட்டர் என்று சுருங்கிவிடுகிறது. எனக்கு எழுபது தாண்டிவிட்டது. என் பெயரில் கார் இருந்து, எனக்குப் பிறகு மகன் பெயருக்கு மாறினால், அது கை மாறிய கணக்கா இல்லையா? ஷோரூமில் இருந்த இளைஞரிடம் கேட்டேன். சிரித்துவிட்டு, “அப்படி யாரும் கேட்டதில்லைங்க ஐயா” என்றார். கேட்க வேண்டிய கேள்விதான். பதிலை எழுத்தில் வாங்குங்கள், இல்லையென்றால் பதினைந்து வருடம் யார் ஓட்டப்போகிறார்களோ அவர்கள் பெயரிலேயே முதலில் பதிவு செய்யுங்கள். லைஃப்டைம் என்று எழுதியிருப்பது காரின் ஆயுளா, நம் ஆயுளா என்பதைத் தெரிந்துகொண்டு கையெழுத்துப் போடுவது நல்லது.