பட்டியலில் இல்லாத பாத்திரங்கள்



பாரிஸில் மோன்பர்னாஸ் ரயில் நிலையத்தைச் சுற்றி வரிசையாக க்ரேப் கடைகள். க்ரேப் என்பது நம் கோதுமை தோசைக்குத் தூரத்து உறவு. பிரெத்தாங் பகுதியிலிருந்து பிழைப்புத் தேடி ரயிலேறி வந்தவர்கள் இறங்கிய நிலையம் இது. இறங்கிய இடத்திலேயே கடையும் போட்டுவிட்டார்கள். அதே பிரெத்தாங்கில் 1884-ல் பிறந்த லூயி லெவே பாரிஸோடு நிற்கவில்லை. இயேசு சபைத் துறவியாகக் கப்பலேறி, நம் வானம் பார்த்த பூமிக்கு வந்து, 1973 மார்ச் 21-ம் தேதி சருகணியில் 88 வயதில் கண்ணை மூடினார். காரைக்குடிக் கடைவீதியில் அந்தப் பெயர் பலருக்குத் தெரியாது. தேவகோட்டையைத் தாண்டி 'லெவே சாமியார்' என்று சொல்லிப் பாருங்கள், கல்லறைக்கு வழி காட்டுவார்கள்.

அவர் வைத்த பிரசங்கம் ஒன்றுகூட எங்கள் சொந்தக்காரர் எவர் வாயிலும் மிஞ்சவில்லை. மிஞ்சியதெல்லாம் ஊருணியும் கண்மாயும்தான். ஆண்டாவூரணிப் பக்கமும் சருகணிப் பக்கமும் சனங்களைச் சேர்த்துக்கொண்டு தண்ணீர் தேங்க வழி செய்தவர் அவர். ஊருணியில் படித்துறையைக்கூடச் சாதிக்கொன்றாகப் பிரித்து வைத்திருந்த சீமை நம்முடையது என்பதை நினைத்துக்கொண்டு பார்த்தால்தான் அந்த வேலையின் கனம் தெரியும்.

அவரை இப்போது 'இறை ஊழியர்' என்கிறார்கள். புனிதர் பட்டத்துக்கு அது முதல் படி. அடுத்து அவர் வாழ்ந்த வாழ்க்கையைத் துருவி விசாரிப்பார்கள். அதற்கும் அடுத்துத்தான் அற்புதம் ஒன்று கேட்பார்கள். சனங்களுக்கு அற்புதத்தின் மேல்தான் கண். எனக்கென்னவோ முந்தைய விசாரணைதான் கடினமான பரீட்சை என்று படுகிறது.

ஓரியூர் கதையையும் இந்தக் கண்ணோடு பாருங்கள். லிஸ்பனில் பிறந்து பண்டாரசாமி வேடத்தில் நம் பக்கம் நடந்த அருளானந்தரை 1693 பிப்ரவரி 4-ம் தேதி அங்கேதான் வெட்டினார்கள். 1947-ல் புனிதர் பட்டம் வந்தது. சிறுவயதில் எங்களுக்குச் சொன்னது, விசுவாசத்துக்காக உயிர்விட்டார் என்று. உண்மைதான். ஆனால் வம்பு கிளம்பியது ஒரு வீட்டுக்குள். சேது நாட்டு அரச குடும்பத்துத் தடியத்தேவர் ஞானஸ்நானம் கேட்கிறார். வீட்டில் பல மனைவியர். ஒருத்தியோடு மட்டும் வாழச் சம்மதமா என்று சாமியார் கேட்கிறார். அவர் சம்மதித்துவிடுகிறார். விலக்கப்பட்டவர்களில் இளையவள் கடலாயி, சேதுபதியின் உறவுப்பெண். அவள் அரண்மனைக்குப் போய் முறையிட்டாள், மற்றது உங்களுக்குத் தெரியும். அரசியல் கணக்குகளும் அதில் கலந்திருந்தன என்பது வேறு. செபத்தை மாற்றிக்கொண்டதோடு தேவர் நின்றிருந்தால் சாமியாரின் தலை தப்பியிருக்கும், வீட்டு நடப்பை மாற்றப் போனதுதான் வினையாயிற்று. இதில் எனக்கு ஒரு குறை உண்டு. கடலாயியின் பக்கம் நின்று இந்தக் கதையை யாரும் சொல்லி நான் கேட்டதில்லை.

பெரிய பெயர்களை விட்டுவிட்டு எங்கள் பெரியம்மாவிடம் வருகிறேன். காரைக்குடியில் ஒரு நகரத்தார் வீட்டுக்குப் பெரியம்மாவும் பெரியப்பாவும் காவல். முகப்பு, வளவு, இரண்டாங்கட்டு என்று ஒரு தெருவிலிருந்து அடுத்த தெரு வரை நீளும் வீடு. பங்காளிகள் சென்னையிலும் மலேசியாவிலும் இருந்தார்கள். படைப்புக்கும் கல்யாணத்துக்கும் வந்து போவார்கள். மற்ற நாளெல்லாம் சாவிக்கொத்து பெரியம்மாவின் இடுப்பில்.

சாமி அறையில் மாலை விளக்கேற்றச் சொல்லிவிட்டு அந்த வீட்டு ஆச்சி மலேசியா போய்விட்டார்கள். வேதக்காரப் பொம்பளை இதைச் செய்யலாமா என்று சொந்தத்தில் ஒரு முணுமுணுப்பு. பெரியம்மா அசரவில்லை. "அவுக சொல்லிட்டுப் போன வேலைய்யா. என் செபத்த நான் எங்க வீட்டுல சொல்லிக்கிறேன்" என்று திரியைக் கிள்ளிப் போடுவார். இது சரியா தவறா என்று பட்டிமன்றம் நடத்தலாம். எனக்கு அவர் கட்சிதான்.

முனீஸ்வரன் கோவில் தெருவில் பழஞ்சாமான் கடைகள் பெருகியிருந்த காலம். ஒரு நாள் தரகர் ஒருவர் வந்தார். மாடி அறையில், அந்தக் காலத்துச் சீராக வந்த சுவீடன் இனாமல் தூக்குகளும் தட்டுகளும் தூசியடைந்து கிடப்பது எப்படியோ அவர் காதுக்குப் போயிருந்தது. நகரத்தார் வீட்டில் சாமான் பட்டியல் துல்லியமாக இருக்கும். ஆனால் இவை எந்தப் பட்டியலிலும் ஏறாதவை. தரகருக்கு அதுவும் தெரியும். "யக்கா, யாரு கேக்கப் போறா?" என்றார். பெரியப்பாவுக்குக் கண் ஆபரேஷனுக்குப் பணம் புரட்டிக்கொண்டிருந்த நேரம் அது. "பட்டியல்ல இல்லேன்னா வீட்டுல இல்லேன்னு ஆயிருமா? போய்ட்டு வாங்க தம்பி" என்று கதவைச் சாத்தினார் பெரியம்மா.

அதோடு விட்டிருந்தாலே போதும். மறுநாள் ஒரு நோட்டு வாங்கி, பள்ளிக்கூடம் விட்டு வந்த என் தங்கையை உட்கார வைத்து எழுதச் சொன்னார். நீலத் தூக்கு இத்தனை, விளிம்பு பெயர்ந்த தட்டு இத்தனை, மூடி இல்லாதது இத்தனை. படைப்புக்கு வந்த ஆச்சி கையில் அந்த நோட்டைக் கொடுத்தார். ஆச்சி பக்கம் பக்கமாகப் புரட்டிவிட்டு, "ரெண்டு தூக்கை நீ எடுத்துக்க" என்றார்களாம். ஓட்டை விழுந்த ஒன்றை மட்டும் எடுத்துவந்து பெரியம்மா அதில் தூதுவளை வைத்தார். விவிலியத்தை எழுத்துக்கூட்டித்தான் படிப்பார். பூசைக்குப் போனால் கடைசித் தூணருகே நிற்பார்.

இங்கே பாரிஸில் முதல் வரிசை ஆட்களையும் பார்க்கிறேன். சம்பளச் சீட்டில் ஒரு தொகை, கையில் ஒரு தொகை என்று நம் பையன்களுக்குக் கூலி கொடுக்கும் முதலாளி, ஞாயிறு தமிழ்ப் பூசையில் உரக்க வாசகம் படிக்கிறார். பையன்கள் பின்வரிசையில் உட்கார்ந்து கேட்கிறார்கள். விசா இழுபறியில் இருப்பதால் வாய் திறப்பதில்லை.

ஊரிலும் நிலைமை ஒன்றும் மெச்சும்படி இல்லை. தேவசகாயத்தை 2022 மே 15-ம் தேதி போப் பிரான்சிஸ் புனிதராக உயர்த்தினார். அதற்கு முன்பே அவர் பெயரோடு ஒட்டியிருந்த 'பிள்ளை'யை வத்திக்கான் எடுத்துவிட்டது. பெயரிலிருந்து சாதி போயிற்று. திருச்சி மேலப்புதூர்க் கல்லறைத் தோட்டத்தில் செத்தவர்களைச் சாதி பார்த்துப் பிரிக்க எழுப்பிய சுவர் நாடறிந்த செய்தி. ஒரே அப்பத்தில் பங்கு வாங்கியவர்களுக்குக் குழி மட்டும் வேறு வேறு இடத்தில். மறையுரையில் அன்பு, மண்வெட்டி எடுத்தால் சாதி என்று இருந்தால், தேவசகாயத்துக்கு எத்தனை கெபி கட்டி என்ன பயன்? மருது பாண்டியர் சருகணிக் கோவிலுக்கு மானியம் விட்டவர்கள். வேறு சாமி கும்பிட்டவர்களுக்கு இருந்த பெருந்தன்மை, ஒரே சாமியைக் கும்பிடும் நமக்குள் இல்லை.

பாஸ்கு நெருங்கினால், தேருக்கும் மின்விளக்குக்கும் நன்கொடை கேட்டு வெளிநாட்டில் இருப்பவர்களுக்கெல்லாம் வாட்ஸ்அப்பில் செய்தி வரும். அனுப்புகிறவர்கள் அனுப்புங்கள், நான் தடுக்கவில்லை. அனுப்புமுன் கமிட்டிக்காரரிடம் ஒன்று கேளுங்கள்: நம்மூரில் கல்லறைத் தோட்டம் ஒன்றா, இரண்டா? இரண்டு என்று பதில் வந்தால், நடுவில் நிற்கும் சுவரை இடிக்க எவ்வளவு ஆகும் என்று மதிப்பீடு வாங்கி அனுப்பச் சொல்லுங்கள். என் பங்கு அந்தச் செலவுக்குத்தான்.