பார்த்தோம் என்றவர்கள்

சட்டத் துறைக்கென்று தமிழில் ஆக்கப்பட்ட சொற்களுள் எனக்கு மிகவும் பிடித்தது ‘ஆட்கொணர்வு மனு’ என்பது. ‘ஹேபியஸ் கார்ப்பஸ்’ என்ற இலத்தீன் தொடர் உடலைக் குறிக்கின்றது; தமிழோ ஆளைக் குறிக்கின்றது. ஆளைக் கொண்டுவந்து நிறுத்து, மற்றவற்றைப் பிறகு பேசலாம் என்று அரசைப் பார்த்துச் சொல்லும் உரிமை அது.

நான் சட்டம் படிப்பவன் அல்லன், பௌதிகம் படிப்பவன். சென்ற குளிர்கால விடுமுறையில் ரயிலில் இடம் கிடைக்காமல் நம்மில் சிலர் விடுதியிலேயே தங்கினோமல்லவா? அப்போது அடுத்த அறை மலையாள நண்பர் ஒரு சிறு நூலைக் கொடுத்தார். ஈச்சர வாரியர் என்ற இந்திப் பேராசிரியர் தம் மகனைத் தேடிய கதையை மலையாளத்தில் எழுதியதன் ஆங்கில மொழிபெயர்ப்பு அது. ஓரிரவில் படித்து முடித்தேன். அதன் பின் இரண்டு நாள் வேறு எதிலும் மனம் செல்லவில்லை.

மகன் பெயர் ராஜன். கோழிக்கோடு வட்டாரப் பொறியியற் கல்லூரியில் இறுதியாண்டு மாணவர், நன்றாகப் பாடுவாராம். நெருக்கடி நிலை நடந்துகொண்டிருந்த காலம். 1976 பிப்ரவரி 28 அன்று காயண்ணா காவல் நிலையத்தை நக்சலைட்டுகள் தாக்கினார்கள். மறுநாள் கழித்து, மார்ச் 1 விடியற்காலையில், கலைவிழாவுக்குச் சென்று விடுதிக்குத் திரும்பிய ராஜனைப் போலீசார் பிடித்துச் சென்றனர். கக்கயத்தில் மலையடியில் ஒரு முகாம் வைத்திருந்தார்கள். பிடிபட்டவர்களைப் பெஞ்சில் கிடத்தி, தொடைமீது உலக்கையை அழுத்தி உருட்டுவது அங்கே விசாரணை முறை. அங்கே கொண்டுசெல்லப்பட்ட ராஜன் பிறகு வீடு திரும்பவேயில்லை.

தந்தை அலையாத இடமில்லை. உள்துறை அமைச்சரைப் பார்த்தார், முதலமைச்சரைப் பார்த்தார், டில்லிக்கு மனு மேல் மனு அனுப்பினார். நீதிமன்றத்துக்குப் போயிருக்கலாமே என்று கேட்கத் தோன்றும். அந்த வழியும் அடைபட்டிருந்தது. நெருக்கடி நிலையில் ஆட்கொணர்வு மனுவே செல்லாது என்று 1976 ஏப்ரல் 28 அன்று உச்ச நீதிமன்றம் தீர்ப்பளித்தது. ஐந்து நீதிபதிகளில் எச். ஆர். கன்னா ஒருவர்தாம் மாறுபட்டார். அத்தீர்ப்பு தவறென்று அதே நீதிமன்றம் வெளிப்படையாகத் தள்ளியது 2017-இல்! நாற்பத்தோராண்டு கழித்து.

நெருக்கடி நிலை 1977 மார்ச் 21 அன்று விலக்கப்பட்டது. நான்கே நாளில், 25-ஆம் தேதி, வாரியர் கேரள உயர் நீதிமன்றத்தில் மனுத் தாக்கல் செய்தார். முன்பு உள்துறையை வைத்திருந்த கருணாகரன் முதலமைச்சரானதும் அதே நாளில்தான். அப்படி ஒரு மாணவனைக் கைது செய்யவே இல்லை என்பது அரசுத் தரப்பு.

நண்பர்களே, இந்த இடத்தில்தான் நான் நூலை மூடிவைத்துவிட்டுச் சற்று நேரம் உட்கார்ந்திருந்தேன். அரசு இல்லை என்கின்றது. தந்தையோ கைதைக் கண்ணால் காணாதவர். அவர் கையில் என்ன இருந்தது? ராஜனைப் போலீசார் கொண்டுபோனதும் கல்லூரி முதல்வர் அனுப்பிய பதிவுத் தபால் ஒன்று இருந்தது. முதல்வர் நீதிமன்றத்துக்கும் வந்து சொன்னார். மாணவர்கள் வந்து சொன்னார்கள். ராஜனை முகாமில் கண்டவர்கள் வந்து சொன்னார்கள். நாங்கள் பார்த்தோம் என்ற அந்தச் சொல்லை நீதிபதிகள் நம்பினர். ராஜன் கைது செய்யப்பட்டது உண்மையே, அவரைக் கொண்டுவந்து நிறுத்துக என்று ஏப்ரல் 13 அன்று உத்தரவிட்டனர். அரசால் நிறுத்த முடியவில்லை. ஏப்ரல் 25 அன்று கருணாகரன் பதவி விலகினார். ராஜன் காவலிலேயே இறந்துவிட்டார் என்பதைப் பிறகு போலீசார் ஒப்புக்கொண்டனர்.

உடல் மட்டும் கிடைக்கவில்லை. உடலின்றிக் கொலை வழக்கு நிற்பது அரிது. வழக்கு விசாரணை நம் கோயம்புத்தூரில்தான் நடந்தது. கிடைத்த தண்டனையும் மேல்முறையீட்டில் கரைந்துபோயிற்று. ராஜனின் தாய்க்கு உண்மை சொல்லப்படவே இல்லை. மனநலம் குன்றி, மகன் எங்கே என்று கேட்டுக்கொண்டே இருந்து, 2000-இல் அவர் மறைந்தார்.

இதை உணவுக்கூடத்தில் சொன்னபோது நம் தோழர் ஒருவர் (பெயர் வேண்டாம், சாம்பாரைப் பற்றி எப்போதும் குறை சொல்பவர் என்றால் தெரிந்துகொள்வீர்கள்) ஒரு கேள்வி கேட்டார். “முதல்வர் பெரிய மனிதர், சொல்லிவிட்டார். அந்தப் பையன்கள் எப்படித் துணிந்தார்கள்? நாமாக இருந்தால் சொல்வோமா? நமக்குத் தேர்வு இருக்கிறது. ஊரில் அப்பா கடன் வாங்கிப் படிக்க வைக்கிறார்.” ஒருவரும் சிரிக்கவில்லை. அவரைக் கோழை என்று சொல்ல எனக்கு மனம் வராது. போலீசார் எதிர்பார்ப்பதும் இந்தக் கணக்கைத்தானே!

அந்தக் கணக்குக்கு உட்படாதவர்களை அதன்பின் தேடிப் படித்தேன். பஞ்சாபில் ஜஸ்வந்த் சிங் கால்ரா என்று ஒருவர், வங்கியில் வேலை. காணாமற்போனவர்களைத் தேடியவர் சுடுகாட்டுப் பதிவேடுகளைப் புரட்டினார். ‘உரிமை கோரப்படாத பிணம்’ என்று எரிக்க வாங்கிய விறகுக்குக் கணக்கு இருக்குமல்லவா? அதைக் கொண்டு எத்தனை பேர் எரிக்கப்பட்டனர் என்று எண்ணினார். 1995 செப்டம்பர் 6 அன்று அமிர்தசரஸில் தம் வீட்டு வாசலிலிருந்து அவரே கொண்டுபோகப்பட்டார், திரும்பவில்லை. ஆயினும் மத்தியப் புலனாய்வுத் துறை மூன்று சுடுகாடுகளில் 2,097 உடல்கள் எரிக்கப்பட்டதைக் கண்டறிந்தது. அவர் மனைவி விடாது போராடியதால் 2005-இல் ஆறு போலீசார் தண்டிக்கப்பட்டனர்.

கோழிக்கோட்டு வாரியர் தீர்ப்புப் பெற்ற அதே 1977 ஏப்ரலில், 30-ஆம் தேதி, அர்ஜென்டினாவின் பியூனஸ் அயர்ஸ் நகரில் பதினான்கு தாய்மார் அரசு மாளிகை எதிரே கூடினர். கூட்டமாக நிற்கக் கூடாது, நடங்கள் என்று போலீசார் விரட்டவே, மைதானத்தைச் சுற்றிச் சுற்றி நடக்கத் தொடங்கினர். வவுனியாவிலும் கிளிநொச்சியிலும் நம் மொழி பேசும் தாய்மார் பிள்ளைகளின் படங்களோடு 2017 பிப்ரவரியில் சாலையோரம் அமர்ந்தனர். இவர்கள் எல்லோரும் கேட்பது ஒன்றே: எங்கே?

வலுக்கட்டாயமாகக் காணாமற்போகச் செய்வதற்கு எதிரான ஐக்கிய நாடுகளின் உடன்படிக்கையில் இந்தியா 2007-இல் கையெழுத்திட்டது, ஏற்புறுதி அளிக்கவில்லை. 2024 ஜூலையில் நடைமுறைக்கு வந்த புதிய தண்டனைச் சட்டத்திலும் அது தனிக் குற்றமாக இல்லை. இருப்பது டி. கே. பாசு வழக்கில் உச்ச நீதிமன்றம் 1996-இல் வகுத்த விதிகள். கைது செய்தால் குறிப்பு எழுத வேண்டும். அதில் உறவினரோ அவ்வட்டாரத்து மதிப்புக்குரிய ஒருவரோ சாட்சிக் கையெழுத்திட வேண்டும். உறவினர் வெளி மாவட்டத்தில் இருந்தால் 8 முதல் 12 மணி நேரத்துக்குள் தந்தி மூலம் தெரிவிக்க வேண்டும். (தந்தியே 2013-இல் நின்றுபோயிற்று, விதி இருக்கின்றது.)

இதையும் உணவுக்கூடத்தில் படித்துக் காட்டினேன். நமக்கு இந்த ஊரில் உறவினர் ஏது? அப்படியானால் கையெழுத்திடவேண்டிய ஆள் யார் என்று கேட்டேன். சாம்பார்த் தோழர் பதில் சொல்லவில்லை. இரவு பத்து மணிக்கு என் அறைக் கதவைத் தட்டினார். என் நோட்டுப் புத்தகத்தை வாங்கி, மன்னார்குடியிலுள்ள தம் தந்தையின் தொலைபேசி எண்ணைக் கடைசிப் பக்கத்தில் எழுதினார். “உன் வீட்டு எண்ணையும் சொல்” என்று தம் நோட்டை நீட்டினார்.