மந்திரக் கையுறைக்கு என்ன விலை?

கடையில் பேரம் பேசுவது எல்லோருக்கும் தெரிந்த கலைதான். ஆனால் சரக்கைப் படைப்பவரும் கடைக்காரர்தான், விலையை விதிப்பவரும் அவர்தான், நம் பையில் இருக்கும் பணமும் அவர் கொடுத்ததுதான் என்றால்? டஞ்சன்ஸ் அண்ட் டிராகன்ஸ் ஆடுபவர்கள் செய்யும் பேரம் இப்படிப்பட்டது!

கேரி கைகாக்ஸ், டேவ் ஆர்னசன் என்ற இரு அமெரிக்கர்கள் உருவாக்கி 1974இல் வெளிவந்த விளையாட்டு இது. நாலைந்து நண்பர்கள் மேசையைச் சுற்றி உட்காருவார்கள். ஒருவர் டஞ்சன் மாஸ்டர். உலகம், அரக்கர்கள், புதையல் எல்லாம் அவர் பொறுப்பு. மற்றவர்கள் ஆளுக்கொரு பாத்திரம் எடுத்துக்கொள்வார்கள்: வாள்வீரன், மந்திரவாதி, திருடன் என்று. பகடை உருட்ட உருட்டக் கதை நகரும். வழியில் பொற்காசுகள் சேரும். காசு சேர்ந்தால் ஆசையும் சேரும் அல்லவா? "நானே ஒரு மந்திரப் பொருள் செய்துகொள்ளலாமா?" என்று ஒருவர் கேட்பார். அங்கே ஆரம்பிக்கிறது வம்பு.

2000இல் வந்த மூன்றாம் பதிப்பும், 2003இல் வந்த அதன் திருத்தமும் இதற்குத் தெளிவான கணக்கு கொடுத்தன. ஒரு பொருளின் சந்தை விலையில் பாதியைக் காசாகச் செலவிட வேண்டும். விலையில் இருபத்தைந்தில் ஒரு பங்கை அனுபவப் புள்ளிகளாக இழக்க வேண்டும். 1,000 காசு விலைக்கு ஒரு நாள் வேலை. புத்தகத்தில் உள்ள பொருள் என்றால் பிரச்சினையே இல்லை. இல்லாத பொருளைக் கேட்டால்? அதற்கும் ஓர் அட்டவணை உண்டு. எப்போதும் வேலை செய்யும் பொருள் என்றால் மந்திரத்தின் நிலையை மந்திரவாதியின் நிலையால் பெருக்கி, அதை 2,000ஆல் பெருக்க வேண்டும்.

இப்போது ஒரு காட்சியை எண்ணிப் பாருங்கள். சனிக்கிழமை இரவு, அமெரிக்காவில் ஏதோ ஒரு மாணவர் விடுதி. வில் ஏந்திய எல்ஃப் மந்திரவாதியாக ஆடும் பையன் ஒரு தாளை நீட்டுகிறான். ட்ரூ ஸ்ட்ரைக் என்ற முதல்நிலை மந்திரம் அடுத்த ஓர் அடிக்கு மட்டும் +20 தரும். அதை ஒரு கையுறையில் நிரந்தரமாக அடைத்துவிட்டால்? 1 x 1 x 2,000. விலை 2,000 காசு. செய்யும் செலவு வெறும் 1,000!

டஞ்சன் மாஸ்டர் தாளைத் திருப்பி வேறு கணக்கு போடுகிறான். அதே அட்டவணையில் ஆயுதத்தின் கூட்டுக்கான வரி: கூட்டின் வர்க்கம் x 2,000. இருபதுக்கு அது 8,00,000 காசு. ஒரே அட்டவணை, இரண்டு விடைகள். ஐந்தாம் நிலைப் பாத்திரத்திடம் இருக்கவேண்டிய மொத்தச் சொத்தே 9,000 காசுதான் என்கிறது அதே புத்தகம்.

"விதியில் இருக்கிறதே!" என்கிறான் பையன். இருக்கத்தான் இருக்கிறது. ஆனால் அந்த அட்டவணை வெறும் மதிப்பீடு. ஏற்கெனவே உள்ள ஒத்த பொருளோடு ஒப்பிட்டுத்தான் விலை வைக்கவேண்டும் என்றும் அதே புத்தகம் சொல்கிறது. மேஜ் ஆர்மர் மந்திரத்தை நிரந்தரமாக்கினால் சூத்திரப்படி 2,000. அதே +4 காப்பைத் தரும் கைக்காப்புக்குப் புத்தக விலை 16,000. (சூத்திரத்தை மட்டும் மனப்பாடம் செய்து பரீட்சை எழுதினால் இந்தக் கதிதான்.)

இதற்குள் மேசையின் மறுகோடியில் ஒருவன் பேசாமல் பகடையை உருட்டிக்கொண்டிருக்கிறான். வாள்வீரனாக ஆடுபவன். ஐந்தாம் நிலையில் அவனுடைய அடிப்படைத் தாக்குதல் கூட்டு +5. அதைச் சேர்க்க எத்தனை சனிக்கிழமைகள் ஆனதோ! கையுறை வந்துவிட்டால் அவன் எதற்கு? பேரத்தில் உண்மையான விலையைக் கொடுக்கப்போவது அவன்தான். காசைப் பற்றிக் கவலையில்லை, டஞ்சன் மாஸ்டர் நினைத்தால் அடுத்த குகையில் பத்தாயிரம் கொட்டிவைப்பான்.

மந்திரவாதி பக்கமும் நியாயம் இல்லாமல் இல்லை. மற்றவர்களுக்குப் பொருள் செய்து கொடுத்தாலும் அனுபவப் புள்ளி குறைவது அவனுக்குத்தான். நண்பனுக்கு மோதிரம் செய்துவிட்டு, நிலை உயர்வதில் தான் பின்தங்க வேண்டும். இது சரியில்லை என்று பலருக்கும் தோன்றியிருக்க வேண்டும். 2009இல் வந்த பாத்ஃபைண்டர் இந்த இழப்பையே எடுத்துவிட்டது.

பிந்தைய பதிப்புகள் பேரத்தை வேறு வழியில் அடக்கப் பார்த்தன. ஐந்தாம் பதிப்பின் 2014 விதிப்படி ஒருவர் நாளொன்றுக்கு 25 காசு அளவுக்குத்தான் வேலை செய்யமுடியும். மிக உயர்ந்த வகைப் பொருளுக்கு 5,00,000 காசு. தனி ஆளாகச் செய்தால் 20,000 நாட்கள், அதாவது ஏறக்குறைய 55 ஆண்டுகள்! எல்ஃப் என்றால் தாங்குவான். மனித மந்திரவாதி கையுறையைப் பேரனுக்குத்தான் மாட்டவேண்டும். 2017இல் வந்த கூடுதல் விதிகள் இதை 50 வாரமாகவும் 1,00,000 காசாகவும் இறக்கின. கூடவே ஓர் அரிய மூலப்பொருளையும் தேடிக் கொண்டுவரச் சொன்னன.

நம் விடுதி மேசையில் அன்று என்ன முடிவானது? நிரந்தரம் கிடையாது. கட்டளைச் சொல் சொன்னால் நாளைக்கு மூன்று முறை மட்டும். அட்டவணைப்படி விலை 1,080, செலவு 540. மந்திரவாதி ஐந்து முறை கேட்டான், கிடைக்கவில்லை. ஆனால் தோலுக்கு ஒரு குகைப் பிராணியை வேட்டையாட வேண்டும் என்றான் டஞ்சன் மாஸ்டர். அதுவரை வாய் திறக்காத வாள்வீரன் நிமிர்ந்து உட்கார்ந்தான்.

"முன்னால் நான் போகிறேன். அது எவ்வளவு பெரியது?"