எட்டுப் போட்ட தரை

ஞாயிற்றுக்கிழமை காலை ஆறேகால் மணிக்கே அந்த சிமென்ட் தரையில் விளக்குமாற்றுச் சத்தம் கேட்கத் தொடங்கிவிடும். சக்கரச் சத்தம் வர இன்னும் முக்கால் மணி நேரம் இருக்கும். நவம்பர் மாதத்துக் குன்னூரில் இரவெல்லாம் வடகிழக்குப் பருவமழை கொட்டித் தீர்த்திருக்கும். மேட்டிலிருந்து உதிர்ந்த கற்பூர மர இலைகள் தரையோடு தரையாக ஒட்டிக் கிடக்கும். யூக்கலிப்டஸை எங்கள் மலையில் கற்பூர மரம் என்றுதான் சொல்வோம். மருந்து வாசனை வீசும் அந்த இலைகளும் காய்களும்தான் ஸ்கேட்டிங் பழகும் பிள்ளைகளுக்குப் பகை. ஒரு காய் சக்கரத்தில் சிக்கினால் போதும், வேகமாக வருகிற பிள்ளை குப்புற விழுந்துவிடும்.

கம்பளித் தொப்பியைக் காதுவரை இழுத்துவிட்டுக்கொண்டு பெருக்குகிறவர் வேலையிலிருந்து ஓய்வு பெற்ற ஒரு பெரியவர். அவருடைய வீட்டுப் பிள்ளைகள் யாரும் அங்கே பழகவில்லை. வீடு பக்கத்தில் இருக்கிறது. ஒருநாள் நடைப்பயிற்சிக்குப் போகும்போது ஒரு சிறுமி விழுந்து அழுவதைப் பார்த்தார். அடுத்த வாரம் விளக்குமாற்றோடு வந்துவிட்டார். மழை நாட்களில் பாசி படிந்தால் பிளீச்சிங் பவுடர் தூவி, தேங்காய் நாரை வைத்துத் தேய்ப்பார். ஏழு வருடமாக வருகிறார்.

என் மகள் அங்கே சேர்ந்து நான்கு வருடம் ஆகிறது. பெயர்ப் பலகைகூட இல்லாத சின்ன கிளப். கூடைப்பந்து மைதானம் ஒன்றை வார இறுதியில் காலையில் மட்டும் கேட்டு வாங்கியிருக்கிறோம். போன வருடம் ஆண்டு விழாவில் யார் யாரைக் கௌரவிக்க வேண்டும் என்று பட்டியல் போடும் வேலையை என்னிடம் கொடுத்தார்கள். “நீங்கதான் நாலு எழுத்து எழுதுறவங்க, நீங்களே போட்டுக் குடுங்கக்கா” என்றார்கள். அரை மணி நேரத்தில் முடித்துவிட்டேன். போட்டிகளில் மெடல் வாங்கிய ஆறு பிள்ளைகள், ஸ்கேட்டிங் சொல்லித்தரும் மாஸ்டர், இடம் கொடுத்தவர், பணம் கொடுத்தவர். தாளை மடிக்கும்போதுதான் விளக்குமாற்றுச் சத்தம் நினைவுக்கு வந்தது. பட்டியலில் அந்தப் பெரியவர் இல்லை. அன்றிரவு தாளைக் கிழித்துப் போட்டுவிட்டு, அடுத்த நான்கு வாரமும் ஒரு நோட்டுப் புத்தகத்தோடு தரையோரத்தில் உட்கார்ந்தேன்.

எங்கள் பிள்ளைகள் பழகுவது ஃபிகர் ஸ்கேட்டிங். அப்படிச் சொன்னால் டிவியில் பார்த்த பனித்தளம்தான் பலருக்குக் கண்முன் வரும். எங்களிடம் குளிருக்குக் குறைவில்லை. டிசம்பரில் நீர்ப்பனி உறைபனியாக மாறிவிடும். தலைகுந்தாவிலும் காந்தலிலும் புல்வெளி உப்புக் கொட்டியது போலக் கிடக்கும். ஊட்டி தாவரவியல் பூங்காவில் மலர் நாற்றுகளைக் கோத்தகிரி மிலார் செடிகளைப் போட்டு மூடிவைப்பார்கள். தேயிலை விவசாயிகள் தாகைச் செடியை வெட்டிவந்து செடிகளின் மேல் பரப்புவார்கள். ஆனால் அந்த வெள்ளை, வெயில் ஏறும்வரைதான். கால் வைத்துச் சறுக்க ஆகாது.

சிம்லாவுக்கு அந்தப் பேறு வாய்த்தது. 1920-ல் அங்கே ஒரு டென்னிஸ் ஆடுகளத்தில் தண்ணீர் உறைந்து கிடந்ததைப் பார்த்துத் தொடங்கியதுதான் இன்றைக்கும் நடக்கிற சிம்லா பனித்தளம். மாலையில் தண்ணீர் விட்டு, இரவுக் குளிரில் உறையவிட்டு, காலையில் சறுக்குகிறார்கள். குளிர் குறைந்துவருவதால் பனி நிற்கும் நாட்களும் அங்கே குறைந்துவருகின்றன. டேராடூனில் 2011 தெற்காசியக் குளிர்கால விளையாட்டுக்காகப் பெரிய உள்ளரங்கமே கட்டினார்கள். பராமரிப்புச் செலவு தாங்காமல் அது பல ஆண்டுகள் பூட்டிக் கிடந்து, 2025-ல்தான் மறுபடி திறந்தது. கோடிகளில் கட்டிய தரையானாலும் தினமும் கவனித்துக்கொள்ள ஒரு கை வேண்டியிருக்கிறது.

பனி இல்லாத ஊருக்குச் சக்கரம் கைகொடுத்தது. அமெரிக்காவின் ஜேம்ஸ் பிளிம்டன் 1863-ல் நான்கு சக்கர ஸ்கேட்டை உருவாக்கினார். உடம்பைச் சாய்த்தால் சக்கரமும் அந்தப் பக்கம் வளையும் என்பதுதான் அதன் சூட்சுமம். பனியில் போட்ட வளைவுகளை எல்லாம் தரையிலும் போட முடிந்தது. இன்று எங்கள் பிள்ளைகள் ‘குவாட்’ என்று சொல்வது அதன் வாரிசைத்தான். ஆர்டிஸ்டிக் ஸ்கேட்டிங் என்ற பெயரில், ஃபிகர் ஸ்கேட்டிங்கின் சுழற்சியும் தாவலும் அப்படியே சக்கரத்துக்கு வந்துவிட்டன. ஐதராபாத்தின் அனூப் குமார் யாமா 2010 குவாங்சோ ஆசிய விளையாட்டில் தனிப்பிரிவில் ஒரு வெண்கலமும், அவனி பஞ்சாலுடன் இணைப்பிரிவில் ஒரு வெண்கலமும் வாங்கினார். 2015-ல் அவருக்கு அர்ஜுனா விருது கிடைத்தது. எங்கள் மாஸ்டர் போனில் அந்த வீடியோவை எத்தனை முறை போட்டுக் காட்டியிருப்பார் என்று கணக்கில்லை.

மாஸ்டர் ஊட்டியிலிருந்து முதல் பஸ்ஸில் வருகிறார். புதிதாக வரும் பிள்ளைக்கு அவர் முதலில் சொல்லிக்கொடுப்பது விழுவதைத்தான். நோட்டில் நான் எழுதிய முதல் பக்கமே அதுதான். “விழப் போறேன்னு தெரிஞ்சா நிமிராதே, குனி. முட்டியை மடக்கு. முட்டி பேடு முதல்ல தரையைத் தொடணும், அப்புறம்தான் கை. கைவிரலை மூடிக்கோ.” விரலை ஏன் மூட வேண்டும் என்று ஒரு பையன் கேட்டான். “பின்னால வர்றவன் சக்கரம் உன் விரல்மேல ஏறக் கூடாதுல்ல” என்றார். அன்று அந்தப் பையன் இருபது தடவையாவது வேண்டுமென்றே விழுந்து பழகினான். எல்லா வகுப்பிலும் விழாமல் இருக்கத்தான் சொல்லித்தருவார்கள். விழுவதையே ஒரு பாடமாக எடுத்து, விழும்போதும் பின்னால் வருகிறவனை நினைத்துக்கொள் என்று சொல்லித்தரும் ஆசிரியரை நான் வேறெங்கும் பார்த்ததில்லை.

இரண்டாவது வாரம் பேரிங் வாரம். ஒரு குவாட் ஜோடியில் எட்டுச் சக்கரம், சக்கரத்துக்கு இரண்டு பேரிங், ஆகப் பதினாறு. எங்கள் ஈரத்தில் ஒரு மாதம் கவனிக்காமல் விட்டால் துருப்பிடித்து இறுகிவிடும். ஒரு பையனின் அப்பா மெக்கானிக். மாதத்தில் ஒரு ஞாயிறு, தரையோரத்தில் சாக்கு விரித்து உட்கார்ந்துவிடுவார். சக்கரங்களைக் கழற்றி, பேரிங்குகளை மண்ணெண்ணெயில் ஊறவைத்து, துணியில் துடைத்து, தையல் மெஷின் எண்ணெயைச் சொட்டுச் சொட்டாக விடுவார். ஒவ்வொன்றையும் விரலில் மாட்டிச் சுண்டி, காதருகே வைத்துக் கேட்பார். கரகரவென்று சத்தம் வந்தால் மறுபடி மண்ணெண்ணெயில் போடுவார். தன் மகனுடைய ஸ்கேட்டைக் கடைசியில்தான் எடுப்பார். அதற்கு முன்னால், வாங்க வசதியில்லாத பிள்ளைகளுக்காக வைத்திருக்கும் மரப்பெட்டியைக் காலி செய்துவிடுவார். அந்தப் பெட்டியில் இருப்பவை எல்லாம் நீளத்தைக் கூட்டிக் குறைக்கும் ஸ்கேட்டுகள். வளர்ந்த பிள்ளைகள் விட்டுச்சென்றவை. ஒரே ஜோடியை மூன்று பிள்ளைகள் மாற்றி மாற்றிப் போடுவதும் உண்டு.

மூன்றாவது வாரம் எழுதியது ஓர் அக்காவைப் பற்றி. கொளுந்து பறிக்கிறவர். 1964 இந்திய-இலங்கை ஒப்பந்தப்படி இலங்கையிலிருந்து திரும்பி வந்த குடும்பங்களில் ஒன்று அவருடையது. அவர்களைப் போன்றவர்களுக்கு வேலை கொடுக்கத்தான் 1968-ல் நீலகிரியில் அரசு தேயிலைத் தோட்டத் திட்டமே தொடங்கியது. வாரத்தில் ஆறு நாள் சரிவில் நின்றுவிட்டு, ஓய்வு நாளான ஞாயிற்றுக்கிழமையும் மகளைக் கூட்டிக்கொண்டு வருவார். சும்மா உட்கார்ந்திருக்க அவரால் முடியாது. மாஸ்டர் கோணலாகப் போட்ட வட்டத்தைப் பார்த்துவிட்டு, ஒருநாள் சாக்பீஸைக் கையில் வாங்கினார்.

ஃபிகர் ஸ்கேட்டிங்குக்கு அந்தப் பெயர் வந்ததே வட்டங்களால்தான். ஒன்றையொன்று தொடும் இரண்டு வட்டம், அதாவது ஓர் எட்டு. ஒரே காலில் நின்று, ஒரு வட்டத்தைச் சுற்றி, நடுப்புள்ளிக்கு வந்து, கால் மாற்றி, அடுத்த வட்டத்தைச் சுற்றி மறுபடி அதே புள்ளிக்கு வர வேண்டும். பைக் லைசன்ஸ் வாங்க எட்டுப் போட்டவர்களுக்கு அதன் கஷ்டம் பாதி புரியும். மீதிப் பாதி, ஒற்றைக் காலில் போடும்போது புரியும்.

எங்கள் எட்டு இப்படி உருவாகிறது. தரையில் ஆறு மீட்டர் இடைவெளியில் இரண்டு துளை. பிளம்பர் வேலை செய்யும் ஓர் அப்பா டிரில்லிங் மெஷின் கொண்டுவந்து போட்டுக்கொடுத்தவை. அக்கா ஒரு துளையில் ஆணியை நிறுத்துவார். மூன்று மீட்டர் கயிற்றின் ஒரு முனை ஆணியில், மறுமுனை சாக்பீஸில். கயிறு தொய்யாமல் இழுத்துப் பிடித்தபடி குனிந்து பின்பக்கமாகவே நடந்து சுற்றுவார். பிறகு அடுத்த துளை. கோடு கோட்டைத் தொடும் இடம் மயிரிழை பிசகாது. “வாசல்ல போடுற சிக்குக் கோலத்துக்குக் கயிறு வேணாம், கை போதும். இதுல புள்ளைங்க கால் போகணுமே, அதான் கயிறு” என்றார்.

பனித்தள உலகத்தில் இந்த எட்டுக்கு ஒரு வரலாறு உண்டு. 1908 லண்டன் ஒலிம்பிக்கிலேயே ஃபிகர் ஸ்கேட்டிங் இருந்தது. குளிர்கால ஒலிம்பிக் என்று தனியாகத் தொடங்கியது 1924-ல்தான். வெகு காலம் போட்டியின் பெரும்பங்கு இந்தக் கட்டாய வடிவங்கள்தாம். மொத்த மதிப்பெண்ணில் 60 விழுக்காடுவரை அதற்கே போன காலமும் இருந்தது. சுத்தமான பனியில் ஒரு வடிவத்தை வரைந்து, அதே தடத்தின் மேலேயே திரும்பத் திரும்பப் போக வேண்டும். ஸ்கேட்டர் விலகிய பிறகு நடுவர்கள் பனிமேல் நடந்து வருவார்கள். குனிந்து, சிலர் மண்டியிட்டு, தடத்தைப் பார்ப்பார்கள். வட்டம் வட்டமாக இருக்கிறதா, திரும்பிய இடத்தில் கத்தி இழுபட்டதா, தடங்கள் ஒன்றின்மேல் ஒன்று விழுந்திருக்கின்றனவா என்று. பார்வையாளர்களுக்கு இதில் பார்க்க ஒன்றுமில்லை. தொலைக்காட்சிக் காலத்தில் இது தாக்குப்பிடிக்கவில்லை. 1990-க்குப் பிறகு உலகப் போட்டிகளிலிருந்து எடுத்துவிட்டார்கள்.

தாவலுக்கும் சுழற்சிக்கும் கைதட்டுவது நியாயம்தான். அது அவ்வளவு அழகு. ஆனால் அந்த நடுவர்கள் குனிந்ததை என்னால் மறக்க முடியவில்லை. ஆள் போன பிறகு, அவர் விட்டுப்போன தடத்தைக் குனிந்து பார்த்திருக்கிறார்கள். யாரையாவது கௌரவிக்க வேண்டுமென்றால் அப்படித்தான் செய்ய வேண்டும் என்று தோன்றியது. பொன்னாடை போர்த்தி, ‘அரும்பணி ஆற்றிய’ என்று எல்லோருக்கும் ஒரே வரியை வாசிப்பதற்குக் குனியத் தேவையில்லை. மண்ணெண்ணெயில் ஊறும் பதினாறு பேரிங்கைச் சொல்ல வேண்டுமென்றால் சாக்குப் பக்கத்தில் போய் உட்கார்ந்திருக்க வேண்டும்.

நான்காவது வாரம் வேறு எதுவும் எழுதவில்லை. பட்டியலைத்தான் மறுபடி எழுதினேன். பெயருக்கு எதிரே பட்டம் எதுவும் போடாமல், அவர் செய்ததை மட்டும் இரண்டு வரி எழுதினேன். முப்பத்தொரு பெயர் ஆனது. “விழா நீண்டுவிடுமே” என்று ஒருவர் கவலைப்பட்டார். “நீளட்டும் சார்” என்றார் மாஸ்டர்.

விழா ஒரு பள்ளியின் கூடத்தில் நடந்தது. வெளியே மழை. உள்ளே டீயும் வர்க்கியும். மெடல் வாங்கிய பிள்ளைகளை முதலில் அழைத்தோம், அவர்களுடைய மகிழ்ச்சியில் ஒரு துளியும் குறையக் கூடாது என்பதற்காக. பெரிய மேடைகளையும் அவர்களுக்கு நினைவுபடுத்தினோம். 2023 ஹாங்சோ ஆசிய விளையாட்டில் தமிழ்நாட்டின் ஆரத்தி கஸ்தூரிராஜும் கார்த்திகா ஜெகதீஸ்வரனும் சஞ்சனா பதுலா, ஹீரல் சாதுவுடன் சேர்ந்து 3000 மீட்டர் தொடர் ஓட்டத்தில் வெண்கலம் வென்றார்கள். அதே நாளில் ஆண்கள் அணியில் வெண்கலம் வென்ற சென்னையின் ஆனந்த்குமார் வேல்குமார், 2025 செப்டம்பரில் சீனாவில் நடந்த உலக ஸ்பீடு ஸ்கேட்டிங் போட்டியில் 1000 மீட்டரில் உலக சாம்பியன் ஆனார். சீனியர் பிரிவில் இந்தியாவுக்கு அந்த விளையாட்டில் கிடைத்த முதல் உலகத் தங்கம் அது. ஸ்கேட்டிங் தொடர் ஓட்டத்தில் கோல் மாற்றுவது கிடையாது. ஓடி முடித்தவர், அடுத்தவரைப் பின்னாலிருந்து தள்ளிவிடுவார். தள்ளியவரின் வேகம் தள்ளப்பட்டவரின் காலில் சேர்ந்துகொள்ளும். இதை மாஸ்டர் விளக்கியபோது பின்வரிசையில் நின்ற அம்மாக்களும் தலையாட்டினார்கள்.

பிறகு பட்டியல். இரண்டு வருடம் கம்பியைப் பிடித்தே நின்று, மூன்றாம் வருடம் கையை விட்ட ஒரு பையன். முதலுதவிப் பெட்டியில் பஞ்சு தீராமல் பார்த்துக்கொண்ட நர்ஸ் அக்கா. பஸ் வராத நாட்களில் ஆறு பிள்ளைகளை வீடு வீடாக இறக்கிவிட்ட ஜீப் டிரைவர் அண்ணன். மெக்கானிக்கின் வரிகளை வாசித்தபோது, கையில் எண்ணெய்க் கறை இருப்பது அப்போதுதான் தெரிந்தது போல அவர் கைகளைப் பின்னால் கட்டிக்கொண்டார். அவருடைய மகன் அந்தக் கையை இழுத்து முன்னால் கொண்டுவந்தான். பெருக்கும் பெரியவருக்கு இரண்டு வரி: “ஏழு வருடம். தரையில் ஒரு காய்கூட விடவில்லை.” கூடம் முழுக்க எழுந்து நின்றது. அவர் மைக்கில் பேசவில்லை. கும்பிட்டார், இறங்கிவிட்டார்.

எட்டுப் போடும் அக்காவின் பெயரை அழைத்தபோது பிள்ளைகள் எல்லோரும் “அக்கா, அக்கா” என்று கத்தினார்கள். அவர் மேடைக்கு வந்து, நான் எழுதியிருந்ததைக் கேட்டுவிட்டு, மெதுவாக என்னிடம் சொன்னார்: “அந்தத் துளை போட்டவரையும் சொல்லுங்கம்மா.” பிளம்பர் அப்பாவின் பெயர் பட்டியலில் இல்லை. நோட்டில் எழுதியிருந்தேன், பட்டியலுக்குக் கொண்டுவர மறந்திருந்தேன். கூட்டத்தில் தேடி அழைத்தோம். முப்பத்திரண்டாவது பெயர்.

அடுத்த ஞாயிறு போனபோது முந்தின வாரத்து எட்டை மழை சுத்தமாக அழித்திருந்தது. தரை கழுவிவிட்டது போல இருந்தது. அக்கா செருப்பைக் கழற்றிவிட்டு, அந்தக் குளிரில் வெறுங்காலோடு தரையைத் தடவித் தடவி நடந்தார். கட்டைவிரல் ஓரிடத்தில் நின்றது. உட்கார்ந்து, புடவைத் தலைப்பிலிருந்து ஊக்கு ஒன்றை எடுத்து, துளையில் அடைத்திருந்த மண்ணையும் பாசியையும் கிளறி எடுத்தார். வாயால் ஊதினார். பிறகு என்னைப் பார்த்துக் கையை நீட்டினார், “ஆணியைக் குடுங்கம்மா” என்று.